ஒற்றைத் தடத்தில் எத்தனை ரயில்? மடிக்கணினிக்கு ஹப், அடாப்டர் வாங்கும் முன்

"அண்ணே, அடாப்டர் இருக்கிறதா?"

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஒரு சிறிய கணினிப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியோடு ஒரே நாளில் மூன்று பேர் வந்ததுண்டு. முதலில் வந்த கல்லூரி மாணவனுக்கு வேண்டியிருந்தது சார்ஜர். அடுத்தவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த கீழக்கரைக்காரர். அங்கே வாங்கிய சார்ஜரின் தட்டையான மூன்று கால்கள் நம் வீட்டுப் பிளக் பாயிண்டில் நுழையவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு மாற்றுப் பிளக். மூன்றாவதாக வந்தவர் பள்ளி ஆசிரியை. புதிதாக வாங்கிய மடிக்கணினியைப் பள்ளியின் புரொஜெக்டரோடு இணைக்க வேண்டும் என்றார். முதல் இருவருக்கும் கேட்டதைக் கொடுத்தனுப்பினேன். ஆசிரியையிடம் மட்டும், "மடிக்கணினியை ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள் டீச்சர்" என்றேன். பார்க்காமல் கொடுத்திருந்தால் மறுநாளே அது திரும்பி வந்திருக்கும்.

அடாப்டர் என்ற சொல்லின் கதை இப்படி. ஹப் என்ற சொல்லின் கதை இன்னும் மோசம். "ஏழு போர்ட் உள்ள ஹப் வாங்கிவிட்டேன், இனிமேல் குறையே இல்லை" என்று சொல்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அவர்கள் மனத்தில் ஹப் என்பது போர்ட்டுகளைப் பெருக்கித் தரும் அட்சய பாத்திரம். ஆனால் ஹப் எதையும் பெருக்குவதில்லை. மடிக்கணினியின் ஒரே ஒரு போர்ட்டில் எவ்வளவு கிடைக்கிறதோ, அவ்வளவையும் பலருக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிறது. அந்தப் பங்கு எப்படிப் போகிறது என்று புரிந்துகொண்டால், கடையில் யார் என்ன சொன்னாலும் ஏமாற மாட்டீர்கள்.

## நான்கு சொற்கள்

போர்ட் என்பது கணினியின் விளிம்பில் உள்ள செருகுவாய். அடாப்டர் என்பது ஒரு வகைச் செருகுவாயை இன்னொரு வகையாக மாற்றித் தரும் சிறு துண்டு. ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். ஹப் ஒரு செருகுவாயைப் பலவாகப் பிரிக்கிறது. டாக் என்பதும் ஏறக்குறைய ஹப்தான். ஆனால் அதற்குத் தனி மின்சாரம் வேண்டும், மேசையைவிட்டு நகராது, விலை பல மடங்கு. சாதாரண ஹப்பின் அட்டைப்பெட்டியில் 'டாக்' என்று அச்சடித்து விற்பதும் நடக்கிறது. பெட்டியில் உள்ள பெயருக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

சார்ஜரை இந்தக் கட்டுரை முழுவதும் சார்ஜர் என்றே சொல்கிறேன். அதை அடாப்டர் என்று சொல்லத் தொடங்கினால் எனக்கே குழம்பிவிடும்.

## வாய் ஒன்று, உள்ளே வழி வேறு

பழைய கணினிகளில் இருக்கும் செவ்வக யூஎஸ்பி வாயின் பெயர் டைப்-ஏ. இப்போதைய மடிக்கணினிகளிலும் செல்போன்களிலும் இருக்கும் சிறிய நீள்வட்ட வாய் டைப்-சி. 2014இல் வெளியான இந்த வடிவத்துக்குள் 24 தொடுமுனைகள் இருக்கின்றன. எந்தப் பக்கமாகச் செருகினாலும் சேரும்.

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். டைப்-சி என்பது வாயின் வடிவத்துக்கு வைத்த பெயர். அந்த வாய் என்னென்ன வேலை செய்யும் என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதன் அடித்தளம் இரண்டு தடங்களைத் தாங்கும்படி கட்டப்பட்டது. ஆனால் மேலே ஓடுவது ஒற்றைத் தடம். தூணைப் பார்த்துவிட்டு இரண்டு ரயில்கள் ஒன்றாகப் போகும் என்று யாராவது சொன்னால் சிரிப்போம் அல்லவா? டைப்-சி வாயும் அப்படித்தான். உள்ளே 24 முனைகளுக்கு இடம் இருக்கும். எத்தனை முனைகளுக்குப் பின்னால் உண்மையில் தடம் போட்டிருக்கிறார்கள் என்பது தயாரிப்பாளரின் விருப்பம், விலையின் கட்டாயம்.

ஆகவே ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு டைப்-சி வாய்களில் ஒன்று தரவை மட்டும் மெதுவாகக் கடத்தலாம். மற்றொன்று தரவோடு படத்தையும் மானிட்டருக்கு அனுப்பி, மடிக்கணினியைச் சார்ஜும் ஏற்றலாம். சில மடிக்கணினிகளில் வாயின் அருகே சிறு குறிகள் இருக்கும். மின்னல் அம்பு இருந்தால் தண்டர்போல்ட், அதாவது எல்லாம் செய்யக்கூடிய உயர்தர வகை. 'டி', 'பி' என்ற ஆங்கில எழுத்துகளைப் பின்னிய குறி இருந்தால் படம் போகும். பேட்டரி அல்லது பிளக் படம் இருந்தால் பெரும்பாலும் சார்ஜ் ஏறும். குறியே இல்லாத வாய்களும் ஏராளம். அப்போது மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தைப் பாருங்கள். பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாதவர்கள்தான் என் கடைக்கு வாடிக்கையாளர்கள்.

வேகத்துக்கு வைத்த பெயர்கள் தனிக் கூத்து. 2008இல் வந்த யூஎஸ்பி 3.0 வினாடிக்கு 5 ஜிகாபிட் வேகம். ஜிகாபிட் என்பது நூறு கோடி பிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அதே 5 ஜிகாபிட்டைப் பிறகு 3.1 ஜென் 1 என்றார்கள். அதற்கும் பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். பொருள் ஒன்று, பெயர் மூன்று. 'யூஎஸ்பி 3.2' என்று பெரிதாகப் போட்டிருக்கும் ஹப் 2008ஆம் ஆண்டின் வேகத்திலேயே ஓடலாம், அதில் பொய் ஒன்றும் இல்லை. எனவே பெயரைத் தள்ளிவிட்டு எத்தனை ஜிகாபிட் என்று மட்டும் தேடுங்கள்: 5, 10, 20, 40. அந்த எண்ணை எங்கேயும் போடாத ஹப்பை வாங்காதீர்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: டைப்-சி என்பது வடிவம். வேகம், படம், சார்ஜ் ஆகிய மூன்றும் அந்த வாயில் உண்டா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஹப்பைத் தேர்வு செய்வது மடிக்கணினியில்தான் தொடங்குகிறது.

## பாலத்தின் இரு கரைகள்

மறுபடியும் பாம்பனுக்கே வருவோம். ராமேஸ்வரம் ரயில் நிலையத்தில் எத்தனை நடைமேடைகள் கட்டினாலும், மண்டபத்திலிருந்து கடலைத் தாண்டிப் போகும் தடம் ஒன்றுதான். நடைமேடைகள் கூடினால் ரயில்களை நிறுத்த இடம் கூடும். பாலத்தைத் தாண்டும் ரயில்களின் எண்ணிக்கை கூடாது.

ஹப்பின் போர்ட்டுகள் நடைமேடைகள். ஹப்பிலிருந்து மடிக்கணினிக்குப் போகும் ஒரே கேபிள்தான் பாலம். 10 ஜிகாபிட் ஹப்பில் நான்கு போர்ட்டுகள் இருந்தால், நான்கும் தலா 10 என்று பொருள் அல்ல. நான்கும் சேர்ந்து அந்தப் பத்தைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு வேகமான எஸ்எஸ்டி வட்டுகளை (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு வட்டுகள்) செருகி, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதச் சொன்னால் இரண்டும் பாதி வேகத்துக்கு இறங்கும். ஹப் பழுது என்று நினைத்து அதை என்னிடம் கொண்டுவருவார்கள்.

பாலத்தின் ஒரு கரை மடிக்கணினி என்பதையும் மறக்கக்கூடாது. 10 ஜிகாபிட் ஹப்பை 5 ஜிகாபிட் வாயில் செருகினால் கிடைப்பது 5தான். யூஎஸ்பி 2.0 வாயில் செருகினால் வினாடிக்கு 480 மெகாபிட். மெகாபிட் என்பது பத்து லட்சம் பிட். 2000ஆம் ஆண்டின் வேகம். திருமண வீடியோ ஒன்று 64 ஜிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். யூஎஸ்பி 2.0 வழியில் நடைமுறையில் வினாடிக்கு 40 மெகாபைட் கிடைத்தாலே பெரிது. நகலெடுக்க ஏறக்குறைய 27 நிமிடம் ஆகும். 5 ஜிகாபிட் வழியில் ஒரு நல்ல எஸ்எஸ்டி 400 மெகாபைட் வரை போகும். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்த வேறுபாடு ஹப்பால் மட்டுமல்ல, கேபிளாலும் வரும். செல்போன் சார்ஜரோடு தரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0 கம்பிகளை மட்டுமே கொண்டவை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பாம்பனில் ரயில் பாலத்தை ஒட்டி 1988இல் திறந்த சாலைப் பாலம் இருக்கிறதல்லவா, யூஎஸ்பி 3 கேபிளுக்குள்ளும் அப்படி ஒரு தனி வழி இருக்கிறது. மவுஸ், விசைப்பலகை போன்ற யூஎஸ்பி 2.0 கருவிகள் தங்களுக்கான தனிக் கம்பியில் போகும். அதிவேகத் தடத்தை அவை தொடுவதில்லை. "மவுஸைச் செருகியதால் வட்டின் வேகம் குறைந்துவிட்டது" என்ற புகாரில் உண்மை இல்லை.

வேறொரு சிக்கல் உண்மையானது. யூஎஸ்பி 3 வேகமாக ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வானொலி இரைச்சலை எழுப்பும். இண்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கம்பியில்லா மவுஸும் பழைய வகை வைஃபையும் இயங்குவது அதே அலைவரிசையில்தான். வட்டைச் செருகியதும் மவுஸ் தடுமாறினால் காரணம் இதுவே. மவுஸோடு வரும் சிறு செருகுதுண்டை, அதாவது டாங்கிளை, ஹப்பிலிருந்து எடுத்து, மடிக்கணினியின் மறுபக்கத்தில் செருகுங்கள். வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பழுதுக்கூலி மிச்சம்.

## படம் ஏன் வரவில்லை?

ஆசிரியை மறுநாள் மடிக்கணினியோடு வந்தார். அதில் இருந்த ஒரே டைப்-சி வாய் படம் அனுப்பாத வகை. எச்டிஎம்ஐ போர்ட் (திரைக்குப் படம் அனுப்பும் வாய்) உள்ள எந்த ஹப்பை அதில் செருகியிருந்தாலும் திரை கறுப்பாகவே இருந்திருக்கும். ஆனால் இடது ஓரத்தில் முழு அளவு எச்டிஎம்ஐ வாயே இருந்தது, அவர் கவனிக்கவில்லை. புரொஜெக்டரோ பழையது, நீல நிற விஜிஏ வாய் மட்டும். எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் சிறிய அடாப்டரோடு வேலை முடிந்தது. ஹப் வாங்க வைத்திருந்த பணம் அவர் பையிலேயே திரும்பிப் போனது. எனக்குச் சிறு நட்டம்தான், பரவாயில்லை.

அந்த அடாப்டர் ஒருவழிப் பாதை என்பதையும் சொல்ல வேண்டும். எச்டிஎம்ஐ எண்முறை (டிஜிட்டல்), விஜிஏ பழைய அலைமுறை (அனலாக்). இடையில் மொழிபெயர்க்கும் சில்லு ஒரு திசையில்தான் பெயர்க்கும். விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போக வேண்டுமானால் அது வேறு பொருள்.

டைப்-சி வாயிலிருந்து படம் வரும் முறைக்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று பெயர். டைப்-சிக்குள் நான்கு அதிவேகத் தடங்கள் இருக்கின்றன. ஹப்பைச் செருகியதும் அவற்றில் இரண்டைப் படத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டைத் தரவுக்கு வைத்துக்கொள்வதுதான் வழக்கம். பழைய வகை ஹப்புகளில் அந்த இரண்டு தடங்கள் 4கே எனும் மிக நுண்மையான படத்துக்கு முழுதாகப் போதாது. அதனால் 4கே மானிட்டரில் வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்க வேண்டிய படம் 30 தடவைதான் புதுப்பிக்கும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும், கண் வலிக்கும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தரத்தை ஹப், மடிக்கணினி இரண்டுமே ஏற்றால் அதே இரண்டு தடங்களில் 60 வந்துவிடும். அட்டைப்பெட்டியில் வெறுமனே '4கே' என்றிருந்தால் அது 30ஆகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 தரும் ஹப் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாமல் இருக்காது.

உங்களிடம் இருப்பது சாதாரண முழு எச்டி மானிட்டரோ புரொஜெக்டரோ என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். படம் அனுப்பும் வாய் இருந்தால், எச்டிஎம்ஐ உள்ள எந்த ஹப்பும் அதற்குப் போதும். 4கே என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

ஒரே ஹப்பில் இரண்டு மானிட்டர் என்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதில் பாதி முடிவு மடிக்கணினியின் கையில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஆப்பிளின் தொடக்கநிலை எம்1, எம்2 மேக்புக்குகள் வெளியே ஒரு மானிட்டரைத்தான் இயல்பாக ஏற்கும். ஹப்பில் இரண்டு எச்டிஎம்ஐ இருந்தால் இரண்டிலும் ஒரே படம்தான் தெரியும்.

## ஒரு குழாய், நான்கு வீடு

தரவு பங்குபோவதைப் போலவே மின்சாரமும் பங்குபோகிறது. இதை விளக்க இந்த மாவட்டத்தில் அதிகம் மெனக்கெட வேண்டாம். தெருவுக்கு வரும் காவிரித் தண்ணீர்க் குழாயில் ஒரு வீட்டார் மோட்டார் போட்டு இழுத்தால் கடைசி வீட்டுக் குடம் காலியாக நிற்கும்.

மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம் வோல்ட். ஓடும் அளவு ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட். டைப்-ஏ யூஎஸ்பி 3 வாய் தர வேண்டிய அளவு 5 வோல்ட்டில் 0.9 ஆம்பியர், அதாவது 4.5 வாட். டைப்-சி வாய் நன்றாக இருந்தால் 15 வாட் வரை தரும். அதற்கு மேல் கிடையாது. சார்ஜர் இணைக்காத ஹப் இந்த மின்சாரத்தைத்தான் எல்லோருக்கும் பிரிக்கிறது, தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

பென் டிரைவுக்கும் மவுஸுக்கும் இது தாராளம். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு அப்படி இல்லை. அதன் தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் நிறைய இழுக்கும். ஒரே ஹப்பில் இரண்டு ஹார்ட் டிஸ்க் செருகினால் அழுத்தம் இறங்கி, ஒன்று டிக் டிக் என்று ஒலி எழுப்பியபடி வந்து வந்து மறையும். டிஸ்க் போய்விட்டது என்று பயந்து வருவார்கள். நேராக மடிக்கணினியில் செருகினால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும்.

சார்ஜ் ஏற்றுவதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. டைப்-சி சார்ஜர் கண்ணை மூடிக்கொண்டு மின்சாரத்தைக் கொட்டுவதில்லை. மீன் ஏலக்கூடத்தைப் போலப் பேச்சு நடக்கிறது. "என்னிடம் 5 வோல்ட் இருக்கிறது, 9 இருக்கிறது, 15 இருக்கிறது, 20 இருக்கிறது" என்று சார்ஜர் சொல்லும். மடிக்கணினி தனக்கு வேண்டியதைக் கேட்டு எடுத்துக்கொள்ளும். இந்தப் பேச்சுமுறைக்குப் பெயர் பவர் டெலிவரி. ஹப் நடுவில் நிற்கும் தரகர். பேச்சை இரு பக்கமும் கடத்தும், தன் தரகையும் எடுத்துக்கொள்ளும். பல ஹப்புகளில் அந்தத் தரகு 15 வாட். 65 வாட் சார்ஜரை ஹப்பில் செருகினால் மடிக்கணினிக்குப் போவது 50. 'மெதுவாகச் சார்ஜ் ஆகிறது' என்று திரையில் எச்சரிக்கை வந்தால் ஹப்பைத் திட்ட வேண்டாம். ஹப்பின் பெட்டியில் '100 வாட்' என்றிருப்பது அது கடத்தக்கூடிய உச்ச அளவு. ஹப் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை.

கேபிளுக்கும் இந்த ஏலத்தில் பங்கு உண்டு. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும், 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் போக வேண்டுமானால் கேபிளின் தலையில் ஒரு சிறு சில்லு இருந்து, "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சொல்ல வேண்டும். அது சொல்லாவிட்டால் 100 வாட் சார்ஜரும் 60இலேயே நின்றுவிடும். இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு.

உலோக உடல் கொண்ட ஹப்பைத் தொட்டால் விரலில் மெல்லிய கூச்சம் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். எர்த் இல்லாத இரண்டு கால் சார்ஜர்களில் இரைச்சலை வடிகட்டும் பகுதி வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்றால் கூடுதலாகத் தெரியும். மூன்று கால் சார்ஜரும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் போய்விடும். துபாய் சார்ஜரில் எர்த் கால் இருந்தாலும், மலிவான மாற்றுப் பிளக் அதைச் சுவரோடு இணைக்காமல் விட்டுவிடுவது உண்டு. கூச்சம் அடியாக மாறினால் அந்த நிமிடமே கழற்றிவிடுங்கள். சார்ஜர் வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் பார்த்து வாங்குங்கள். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

சுருக்கமாக: சார்ஜர் இல்லாத ஹப் சில வாட்களைப் பங்குபோடுகிறது. சார்ஜர் உள்ள ஹப் தன் தரகு போக மீதியைக் கடத்துகிறது. கேபிள் இரண்டுக்கும் எல்லை போடுகிறது.

## கரண்ட் போகும் நொடி

இதை யாரும் சொல்லித் தராமல் நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். அக்கா மகளின் நிச்சயதார்த்தப் படங்களை ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டிருந்தேன். சார்ஜரும் டிஸ்க்கும் ஒரே ஹப்பில். கரண்ட் போனது. மடிக்கணினியில் முழு பேட்டரி இருந்ததால் நான் எழுந்திருக்கக்கூட இல்லை. ஆனால் டிஸ்க் அந்த நொடியில் அறுந்து, மறுபடி இணைந்தது. நகல் பாதியில் நின்றது. திறந்தால் கோப்புறையே காணவில்லை. மீட்டெடுக்க இரண்டு நாள் ஆனது, முப்பது படங்கள் மீளவே இல்லை. அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

நடந்தது இதுதான். கரண்ட் இருக்கும்வரை ஹப்புக்குச் சோறு போட்டது சார்ஜர். போனதும் அது மடிக்கணினியிடம் கை நீட்ட வேண்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் இடம் மாறும் இந்த வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டும். நல்ல ஹப் அதைத் தடங்கலின்றிச் செய்யும். மலிவான ஹப் ஒரு கணம் இறந்து பிறக்கும். அந்த ஒரு கணம் டிஸ்க்குக்குப் போதும். கரண்ட் வரும்போதும் இதே ஆபத்து உண்டு.

மின்வெட்டு அரிதான ஊர்களில் இதைப் பற்றி எழுதவே மாட்டார்கள். நமக்கு இதுதான் முதல் சோதனை. ஹப் வாங்கிய அன்றே, போனால் கவலையில்லாத ஒரு பெரிய கோப்பைப் பென் டிரைவில் நகலெடுக்க விட்டு, நடுவில் ஹப்பிலிருந்து சார்ஜரைப் பிடுங்குங்கள். நகல் தொடர்ந்தால் ஹப் தேறியது. பிறகு மறுபடி செருகிப் பாருங்கள். பென் டிரைவ் மறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேறாத ஹப்பை வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்றால், முக்கியமான டிஸ்க்கை நேராக மடிக்கணினியில் செருகுங்கள், சார்ஜரை மட்டும் ஹப்பில் விடுங்கள்.

## சின்ன அடாப்டர்கள்

டைப்-சியை டைப்-ஏவாக மாற்றும் துண்டு வெறும் கம்பி இணைப்புதான். அதில் சில்லு வேலை அதிகம் இல்லை. ஆனாலும் யூஎஸ்பி 2.0 கம்பிகளை மட்டும் வைத்து விற்பார்கள். வாயினுள் பார்த்தால் பழைய வகையில் நான்கு தொடுமுனைகளும் வேகமான வகையில் மேலும் ஐந்தும் தெரியும். நீல நிற நாக்கு இருந்தால் வேகமான வகை என்பது வழக்கம், ஆனால் கட்டாயம் இல்லை. கறுப்பு நாக்கோடும் வேகமானது வரும்.

டைப்-சியில் ஹெட்போன் செருகும் துண்டு இரண்டு வகை. ஒன்றில் ஒலியை மாற்றித் தரும் சில்லு உள்ளே இருக்கும். மற்றதில் இருக்காது, அது செல்போனையே நம்பியிருக்கும். சில்லு இல்லாதது பெரும்பாலான மடிக்கணினிகளில் ஊமையாகவே கிடக்கும். சில்லு உள்ளதில் 'டிஏசி' (DAC) என்ற ஆங்கிலச் சுருக்கெழுத்தை அச்சிட்டிருப்பார்கள். மேலே சொன்ன மேசை டாக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இணைய இணைப்புக்கான லேன் கம்பி செருகும் ஹப்புகளில் ஜிகாபிட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாதவை பெரும்பாலும் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். வீட்டு இணைப்பே 100க்குக் கீழ் என்றால் கவலை இல்லை.

## உப்புக்காற்று

வேறு ஊர்க்காரர் எழுதும் ஹப் கட்டுரைகளில் இந்தத் தலைப்பு இருக்காது. என் கடைக்கு வரும் பழுதான ஹப்புகளில் பாதிக்கு மேல் சில்லு கெட்டவை அல்ல, தொடுமுனை அரித்தவை.

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இதன் காரணம் நன்றாகத் தெரியும். காற்றில் ஈரம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடற்கரையில் இரவும் விடியற்காலையும் ஈரம் அதைத் தாண்டுவது சாதாரணம். தொடுமுனையில் படிந்த கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் ஒவ்வோர் இரவும் நனைந்து உப்புநீர்ப் படலமாகிறது. அப்போது அங்கே மின்சாரமும் இருந்தால் பள்ளியில் பார்த்த மின்னாற்பகுப்பு நடக்கும். தங்கப்பூச்சைத் தாண்டி உள்ளிருக்கும் உலோகம் பச்சையாகப் பூத்துப்போகும். அலுமினிய உடலில் வெள்ளைப் பொடி கிளம்பும். அது அழகை மட்டும்தான் கெடுக்கிறது. ஆபத்து முனைகளில்தான்.

எனவே இரவு முழுவதும் ஹப்பை மின்சாரத்தோடு செருகியே வைக்காதீர்கள். மடிக்கணினியின் பக்கத்தில் சன்னலோரம் கிடக்கவும் விடாதீர்கள். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டோடு போட்டு வையுங்கள். நான் பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் வைக்கிறேன். கழுவிக் காயவைத்த பிறகுதான்! வாயால் ஊதித் தூசியை எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஊதுவது ஈரத்தையும் சேர்த்து உள்ளே அனுப்பும். முனை பச்சை பூத்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான தூரிகையால் துடைக்கலாம். மின்சாரம் முழுவதும் துண்டித்த பிறகே துடையுங்கள்.

இதே காரணத்தால், கேபிள் தனியாகக் கழன்று வரும் ஹப்பை நான் விரும்புகிறேன். ஒட்டிய கேபிளின் தலை அரித்தாலோ கழுத்து ஒடிந்தாலோ முழு ஹப்பும் குப்பை. கழலும் வகையில் கேபிளை மட்டும் மாற்றினால் போதும். இந்த வகை கடைகளில் குறைவு, கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

## வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் காலம் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். அந்த நாட்களுக்குள் ஹப்பின் எல்லா வாய்களையும் ஒரே நேரத்தில் நிரப்பிப் பாருங்கள். டிஸ்க், மவுஸ், மானிட்டர், சார்ஜர் எல்லாம். ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஹப் சூடாவது இயல்பு. விரலை வைத்து ஐந்து வினாடி பொறுக்க முடியாத சூடு இயல்பல்ல. மானிட்டர் நடுவில் இருண்டு வருகிறதா, டிஸ்க் அறுகிறதா என்று கவனியுங்கள். கேபிளின் கழுத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள். கரண்ட் சோதனையை முன்பே சொல்லிவிட்டேன்.

எத்தனை வாய் வேண்டும் என்று கேட்பவர்களிடம், இன்றைக்கு என்னென்ன செருகுகிறீர்கள் என்று எண்ணி, ஒன்று கூட்டிக்கொள்ளச் சொல்வேன். பதினொரு வாய் ஹப் வாங்கிவிட்டு இரண்டில் மட்டும் செருகுபவர்கள் மீதி ஒன்பதையும் உப்புக்காற்றுக்குத் திறந்து வைக்கிறார்கள்.

பில்லையும் மறக்காதீர்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் நம் ஊர்ச் சூட்டில் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். உத்தரவாதம் கேட்டு வருபவர்கள் வெற்றுத்தாளை நீட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கிய அன்றே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.